ஏரிக்கரைக் கல்லின் கடைசி வரி

என் விரல் தொட்டதையும் நான் நேரில் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. எல்லைப்புறத் தலைவன் ஒருவனின் மரபைப் பற்றி நான் எழுதித் தரப்போகும் சில வரிகளைக் கொண்டு ஓர் ஊர் தன் வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் காத்திருந்தது. உறுதியாகத் தெரியாத ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் ஒரு குடும்பம் நிமிர்ந்திருக்கும், இன்னொன்று குனிந்திருக்கும். பெயர்களை விட்டுவிடுகிறேன். இரு குடும்பத்தாரும் இன்றும் அதே ஏரியின் இரு புறங்களில் வாழ்கிறார்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் கன்னட நாட்டுத் தலைநகரின் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நான் பள்ளியில் தமிழாசிரியை; படிக்கும் காலத்தில் கல்வெட்டு எழுத்தும் பயின்றிருந்தேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார். கன்னடம் அவருடைய தாய்மொழி. எங்களோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் கலந்துகொள்வார். அவருடைய சொந்த ஊர் எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய ஏரிக்கரைக் கிராமம்.

1991 டிசம்பரில், காவிரியின் பெயரால் தமிழருக்கு எதிராக நகரம் பற்றியெரிந்தபோது, ஒரு பிற்பகல் எங்கள் தெருவிலும் கூட்டம் நுழைந்தது. அவர் எங்கள் கதவிலிருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினார். பிறகு அவர் குரல் கேட்டது: "இல்லி எல்லா நம்ம ஜனானே!" இங்கிருப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்களே என்று பொருள். கூட்டம் நகர்ந்தது. மறுவாரம் பலகையைத் தாமே மாட்டிவிட்டுப் போனார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் பேசியதில்லை.

அதன்பின் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பனிக்காலக் காலையில், அவரே ஒரு பை நிறைய அவரைக்காயைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார்.

"டீச்சரம்மா, கல்லு மேல இருக்கற எழுத்தெல்லாம் நீங்க படிப்பீங்களாமே?"

"பழைய எழுத்துன்னா கொஞ்சம் படிப்பேன் சார். யார் சொன்னாங்க?"

"உங்க யஜமான்ரு தான்." என் கணவரைத்தான் அப்படிச் சொன்னார். "ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு ஒரு தடவ வரணுமே."

அவர் போனதும் என் கணவர் பையைத் திறந்து பார்த்தார். "நல்ல காய்தான். ஆனா வீட்டுக்காரர் மாடி ஏறிக் காய் கொண்டாந்து கொடுத்தா, அது கொழம்புக்கு மட்டும் இருக்காது."

விவரம் இதுதான். அந்த ஊர் அம்மன் திருவிழாவில் ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த தம்பிட்டு விளக்கைத் தலையில் ஏந்திக் கோயிலுக்குப் போவார்கள். ஆரத்தி எனப்படும் இந்த விளக்குகளில் முதலாவது மூத்த கிளையின் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்பது முறை. ஏரிக்கு மேற்புறம் குடியிருந்த வீட்டுக்காரரின் குடும்பமும் கீழ்ப்புறம் குடியிருந்த அவருடைய பங்காளியின் குடும்பமும், அவ்வூரை முற்காலத்தில் ஆண்ட எல்லைத் தலைவனின் வழியில் தாங்களே மூத்தவர்கள் என்றன. ஏரிக்கரையில் அந்தத் தலைவன் நட்ட கல் நிற்கிறது. அதன் கடைசி வரி மூத்த மகனுக்கு மேற்புறத்தையும் இளைய மகனுக்குக் கீழ்ப்புறத்தையும் கொடுப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். படிக்கத் தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் ஏற்போம் என்று ஊரார் கூறியிருந்தார்கள். தலைவனுக்கும் இவர்களுக்கும் இடையிலுள்ள நூற்றாண்டுகளை எதைக் கொண்டு நிரப்புவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "அது ஊருக்கே தெரியும், விடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் நானும் போனோம். ஏரிக்கு அப்பால் புதிய அலுவலகக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர். இப்பால் மஞ்சளும் எண்ணெயும் ஊறிய இடுப்பளவுக் கல். எழுத்துகளெல்லாம் வெள்ளை வண்ணத்தால் நிரப்பப்பட்டிருந்தன. அந்த வெண்மை என்னை உறுத்தியது. வண்ணம் பூசிய கல்லில், பூசியவர் கண்டதைத்தான் நாமும் காண நேர்கிறது.

பங்காளி ஸ்கூட்டரில் சாய்ந்து காத்திருந்தார். "வாங்கம்மா, வாங்க. இவன் வீட்டு மாடியில இருக்கறவங்கதானே? எதுக்குச் செரமம், படிக்காமலே சொல்லிடலாமே!"

"ஏய், சும்னிரு," என்றார் வீட்டுக்காரர். "படிச்சவங்க முன்னாடி மானத்த வாங்காதே."

"இருந்தாத்தானேப்பா வாங்கறதுக்கு."

முன்முகம் தமிழ். தலைவனின் பாட்டன் பெயர், தந்தை பெயர், அவன் பெயர் ஆகிய மூன்றும் ஐயமின்றி இருந்தன. தெற்கத்திய அரசன் ஒருவனின் ஆட்சியில் அவன் எல்லைக் காவல் பூண்டிருந்தான். ஏரியின் மதகைச் செப்பனிட்டான். கோயிலுக்கு நன்செய் அளித்தான். பின்முகம் கன்னடம். அந்தப் பழைய எழுத்தை நான் கூட்டிக் கூட்டியே படிக்க முடிந்தது. அதே தலைவனின் பெயர், ஒரு கொடை, வேறோர் அரசனின் பெயர். இவற்றுக்கு மேல் நான் பொறுப்பேற்க மாட்டேன். ஒரே கல்லில், முன்னால் நிற்பவனுக்கு ஓர் அரசன், பின்னால் நிற்பவனுக்கு இன்னோர் அரசன். இவன் எல்லையை யாரிடமிருந்து யாருக்காகக் காத்தான் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அக்கல்லைச் சுற்றி வந்தவர்களில் நம்பத் தகுந்தவன் என்று நான் யாரையும், அத்தலைவனையும் சேர்த்து, எண்ணவில்லை.

கடைசி வரி முன்முகத்தின் அடியில் இருந்தது. வீட்டுக்காரர் சொன்னபடியே வெள்ளையில் தெளிவாகப் படிக்க முடிந்தது. அந்தத் தெளிவே எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பங்காளியிடம் கொடுத்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் சாய்க்கச் சொன்னேன்.

"தாராளமா. வெளிச்சம் பட்டாத்தானே திருட்டுத்தனம் தெரியும்," என்று குந்தி உட்கார்ந்தார்.

மேல்வரிகளில் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்தது. அங்கே வெட்டு இருந்தது. கடைசி வரியில் நிழல் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். மேலே பள்ளமும் மேடும் மாறி மாறித் தட்டுப்பட்டன. அடியில் கல் வழவழப்பாக இருந்தது. வண்ணத்தின் தடிப்பு மட்டுமே விரலுக்குத் தெரிந்தது.

"இந்த வரியில பெயிண்ட்தான் கைக்குத் தெரியுது சார். வெட்டு தெரியல."

பங்காளி தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியா? கல்லுல வெட்டாதத இவங்கப்பன் ப்ரஷ்ல வெட்டியிருக்கான்!"

வீட்டுக்காரரின் முகம் சுருங்கியது. "நான் பையனா இருக்கறப்பவே இந்த வரி இருக்குது, டீச்சரம்மா. வருஷா வருஷம் ஹப்பத் திருவிழாவுக்கு முந்தி, பழைய கோட்டு மேலயே பூசுவோம். எல்லாரும் எண்ண தேய்க்கறது, மஞ்ச தேய்க்கறது அடியிலதானே? தேஞ்சு போயிருக்கும்."

அவர் சொன்னது நடந்திருக்கக் கூடியதே. வழிபடுவோரின் கைகளால் வெட்டு தேய்ந்துபோக, ஆண்டுதோறும் பூசிய வண்ணமே அந்த வரியின் வடிவத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அவருடைய முன்னோர் யாரோ ஒருவர் இல்லாத வரியை எழுதியிருக்கவும் கூடும். ஓர் ஓரத்தில் வண்ணத்தைச் சுரண்டினால் அடியில் தடம் ஏதேனும் கிடைக்குமா என்று பார்க்கலாம் என்றேன்.

"இப்பவே சொரண்டு," என்று பங்காளி சாவியை எடுத்தார்.

வீட்டுக்காரர் கல்லுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "தேவ்ரு கல்லு. சாமி மேனியில யாராவது சாவி வெச்சுச் சொரண்டுவாங்களா?"

பக்தியால் தடுத்தாரா, அச்சத்தால் தடுத்தாரா? நான் வற்புறுத்தவில்லை. அவர் நின்ற விதம் எனக்குப் பழக்கமானதாகத் தோன்றியது. அவருடைய முதுகை நான் அப்படி ஒரு முறை, அந்த டிசம்பரில், மாடிச் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்திருந்தேன்.

வீடு திரும்பியதும் என் கணவர் கேட்டார்: "அந்த டிசம்பரப் பத்தி ஏதாவது பேசினாரா?"

"ஒரு வார்த்தை பேசல."

"அப்ப கைமாறு கேட்டுட்டாருன்னு அர்த்தம்."

"கேக்காததுக்கு எப்படி அர்த்தம் பண்றது?"

"நீ கல்லப் படிக்கற. நான் மனுசங்களப் படிக்கறேன். ஒரு வரி எழுதிக் கொடுத்தா என்ன, அவர் அன்னிக்குப் பொய் சொல்லலையா நமக்காக?"

ஆயினும் படித்தவற்றை மட்டுமே எழுதினேன்: மூன்று தலைமுறை, மதகு, நன்செய், பின்முகத்தில் வேறோர் அரசன். கடைசி வரியில் வெட்டு தென்படவில்லை; தேய்ந்ததா, இல்லாததா என்று தெரியவில்லை. கையொப்பமிட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "தெரியலன்னு எழுதியிருக்கீங்க."

"தெரியல சார்."

"இல்லன்னு எழுதல."

"இல்லைன்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல."

"சரி. அஷ்டே சாகு," என்றார். அவ்வளவு போதும் என்று பொருள். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

திருவிழாவுக்கு எங்களை அழைக்கவில்லை. அது முடிந்த அடுத்த மாதம், மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும் என்றார். நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர்ந்தோம். இது தண்டனையா என்று ஐயுற்றேன். ஆனால் கல்யாணம் நடந்தது, அழைப்பும் வந்தது, புதுமணத் தம்பதியர் மாடியில் குடியிருந்ததை நானே பார்த்தேன். அந்த விருந்தில் வீட்டுக்காரரின் மனைவி என் காதருகே, முதல் ஆரத்தி தங்கள் வீட்டிலிருந்துதான் போனது என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் ஆண்டில் தனியாக அவ்வூருக்குப் போனேன். கல்லுக்கு ஓடு பதித்த சிறு மண்டபம் எழுப்பியிருந்தார்கள். சிமெண்டுத் தளம் கல்லின் அடிப்பகுதியை விழுங்கியிருந்தது. கடைசி வரி அதற்குள் போய்விட்டது. யார் கட்டியது என்று பங்காளியைக் கேட்டேன்.

"எல்லாருந்தாம்மா சேந்து கட்டினோம்."

"நான் கல்லப் படிச்ச அந்த வருஷம் முதல் ஆரத்தி எந்த வீட்டுது?"

"என்னம்மா கேள்வி இது? எங்க வீட்டுதுதான்!"

எனக்குத் தெரியாதவை இவை. கடைசி வரி எப்போதேனும் வெட்டப்பட்டதா என்று தெரியாது. தலைவனுக்கு மகன்கள் இருந்தார்களா என்பதும், இரண்டு அரசர்களில் அவன் யாருக்கு உண்மையாக இருந்தான் என்பதும் தெரியாது. அந்த ஆண்டு யார் வீட்டு ஆரத்தி முதலில் போனது என்று தெரியாது. 1991 டிசம்பரில் வீட்டுக்காரர் வாசலில் நின்றது எங்களுக்காகவா, தம் வீட்டுக்காகவா என்பதும் தெரியாது.