பணக்கார வீட்டு வாசலில் என் கோட்டு

இந்த நாட்டில் வீடு கட்டித் திருத்துகிற வேலைக்காரன் தன் பெயரைப் பெரிதாக ஒரு பலகையில் எழுதி, வீட்டுக்காரரின் முன்புறப் புல்தரையில் நட்டுவைக்கிறான். வேலை முடிந்த பிறகும் சில வாரம் அது அங்கேயே நிற்கும். வீட்டுக்காரர்களும் வேண்டாமென்று சொல்வதில்லை. எங்கள் வீட்டில் வேலை நடக்கிறது, வந்து பாருங்கள் என்று தெருவுக்கே சொல்வதில் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. டொரொன்டோவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுவிட்டேன். நம் மலைநாட்டில் பாதி எழும்பிய சுவரைச் சாக்கும் தகரமும் கட்டி மறைப்போம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது நம் பயம். யாரும் பார்க்காமல் போய்விடுவார்களோ என்பது இவர்கள் பயம்.

இப்போது எனக்கும் ஒரு பலகை இருக்கிறது. பல மாதம் அது வேனுக்குள் படுத்தே கிடந்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் நம்மவர்களின் நிலக்கீழ் அறைகள். தடுப்புச் சுவர், குளியலறைத் தரை. நிலத்துக்குக் கீழே செய்கிற வேலைக்கு என்ன பலகை? இதே தொழில் செய்யும் தில்லைநாதனின் பலகைகளோ நகரின் வடக்கே, பெரிய வீடுகள் உள்ள வெள்ளைக்காரர் தெருக்களில் காளான் மாதிரி முளைத்திருந்தன. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குப் பின்னால் இந்த ஊருக்கு வந்தவர். எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவர். அவர் பலகையைக் காணும்போதெல்லாம் வேனை மெதுவாக்கி, வேலை எங்காவது கோணியிருக்கிறதா என்று பார்ப்பேன். கோணியிருக்காது. அது இன்னும் எரிச்சல்.

இந்த நோய் எனக்குப் பழையது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வரிசைவீட்டில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தோட்ட வேலையில் கால் தரிக்காமல், ஹட்டனில் கொத்தனார்களுக்குத் தலைவரான ஒரு மேசன் பாஸிடம் கல் சுமக்கப் போனேன். என்னோடு கல் சுமந்தவன் சிவலிங்கம். அவன் தங்கச்சி புஷ்பத்தைக் கட்டிக்கொண்டதில் மச்சானும் ஆனான். தொழில் பழகியதும் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தனித்தனியே வேலை பிடித்தோம். கிடைத்த வேலை மாட்டுக்கொட்டிலும் கடைக்குப் பின்னால் கழிப்பறையும்தான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தன. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்றது. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு வேலைக்குப் போன நாட்களில், பணமுள்ள ஒருவன் கிடைக்கமாட்டானா என்பதே என் ஒரே நினைப்பு. அதுவும் பாதையோரத்தில் கட்டுகிறவனாக வேண்டும். பாதையோரம் ஒரு பெரிய வீட்டை எழுப்பிவிட்டால், காரில் போகிற இன்னொரு பணக்காரன் பார்த்து, 'யார் பாஸ்?' என்று கேட்பான். கழிப்பறை கட்டினால் இன்னொரு கழிப்பறைதான் வரும்.

அப்படி ஒருவர் தென்பட்டார். மரக்கறி லொறிகள் வைத்திருந்த சிங்கள முதலாளி. ஹட்டன் பாதை வளைவில், தான் குடியிருந்த பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே மாடிவீடு கட்டப்போவதாகக் கதை வந்தது. அவர் முன்னால் நாலு பேரைப் போலவா போய் நிற்பது? நாட்டைவிட்டுப் போன வெள்ளைத் துரை ஒருவரின் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டை, அவருடைய பங்களாவில் சமைத்த அப்புவிடம் வாங்கினேன். கை நீளமாக இருந்ததைப் புஷ்பம் மடித்துத் தைத்தாள்.

“மேல பாத்தா தொரைதான். கீழ காலப் பாத்தாத்தான் நம்ம ஆளுன்னு தெரியுது” என்றாள்.

அதனால் காலுக்கு ஒரு சோடி சப்பாத்தும் இரவல் வாங்கினேன்.

முதலாளி வீட்டு வாசலில் கோட்டும் சப்பாத்தும் கையில் மடக்கு அளவுகோலுமாக நின்றேன். வேலைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளே பாரமாக எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்து, “முதலாளி கெதர நே” என்றாள். வீட்டில் இல்லையாம். முதலாளியின் இருமல் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த கிழமையும் போனேன். அதே பதில், அதே இருமல். பிறகுதான் விளங்கியது. சீமெந்து பெர்மிட்டுக்குத்தான் கிடைத்த காலம். அவர் வீடு நிறையப் பதுக்கி வைத்திருந்தார். கோட்டும் அளவுகோலுமாக வந்தவனை அரசாங்க உத்தியோகத்தர் என்று நினைத்துவிட்டார்.

இதை வீட்டில் சோறு தின்றபடி சொன்னேன். கூட இருந்த சிவலிங்கத்துக்குச் சிரித்துப் புரையேறியது. மறுநாள் காலையில் அவன் சாரத்தை மடித்துக் கட்டி, சுண்ணாம்பு காயாத காலோடு, பின்னால் சமைக்கிற குசினிப் பக்கமாக உள்ளே போயிருக்கிறான். சீமெந்து மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, மூட்டைகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து, “எப்ப ஆரம்பிக்கலாம் முதலாளி?” என்று மட்டும் கேட்டிருக்கிறான். வேலை அவனுக்குக் கிடைத்தது. எதையும் கேட்காத பாஸைப் பணக்காரன் விடமாட்டான். அவனுக்கு அதைச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கோட்டைக் கழற்றி விறகுக் குவியலில் எறிந்தேன். அதன் பிறகு ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் அந்த வளைவுப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வேன். அத்திவாரம் எழும்பியது, சுவர் எழும்பியது, மேல்மாடிக்குப் பலகை அடித்தார்கள். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் என் கண் தடவிக்கொண்டு போனது. ஒருநாள் முட்டுக்கால் சறுக்கி மாடிப்பலகை ஒருபக்கம் இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் பட்டுவிட்டது என்று முதலாளியின் பெண்சாதி சொன்னாளாம். என் கண்தானோ என்று எனக்கே ஒரு சந்தேகம். கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அடுத்த தடவை பஸ் வளைவில் திரும்பியபோது, மாடி விளிம்பில் ஒரு கண்திருஷ்டிப் பொம்மை நின்றது. மானாப் புல் அடைத்த உடம்பு, சட்டித் தலை, சுண்ணாம்புக் கண், கரி மீசை. உடம்பில் என் கட்டம் போட்ட கோட்டு. புஷ்பம் மடித்துத் தைத்த கை அப்படியே இருந்தது.

கண்டக்டர் எங்கள் ஊர்ப் பையன். “ராமையாண்ணே, எறங்கலியா? ஒங்களத்தான் மேல நிக்க வெச்சிருக்காங்க!” என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இறங்கினேன். சிவலிங்கம் சாந்து குழைத்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், எறக்குடா அத.”

“எத?”

“என் கோட்ட.”

“எறக்குனா பொம்ம குளுர்ல வெறச்சிப் போயிரும் மச்சான்.” அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். “தங்கச்சிதான் குடுத்துச்சு. நீ விறகுல போட்டியாமே.”

“நாட்டுல வேற துணியே கெடைக்கலியா ஒனக்கு?”

அவன் சாந்துக் கரண்டியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “ஊருக் கண்ணுக்கெல்லாம் சும்மா பொம்ம போதும். ஒன் கண்ணுக்குத்தான் ஒன் கோட்டு.”

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஜீப் வந்து நின்றது. என்னைக் கண்டதும் அவர் முகம் மாறி, சீமெந்து வைத்திருந்த கொட்டகைப் பக்கம் பார்த்தார். சிவலிங்கம் சிங்களத்தில் கதையைச் சொன்னான். முதலாளி என்னைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், இருமும் வரைக்கும் சிரித்தார்.

“நீ பாஸா? அப்ப என்னத்துக்கு கோட்டு?” என்று தமிழில் கேட்டார்.

இரக்கப்பட்டோ சிரித்த களைப்பிலோ, அவர் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய இடத்தில் மண் சரியாமல் இருக்க ஒரு கருங்கல் கட்டு. ஆசைப்பட்ட பணக்காரர்தான், ஆசைப்பட்ட வீடுதான். ஆனால் என் வேலை பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அடைமழையில் அட்டைக்கடியோடு அதைக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன். குடிபுகுந்த அன்று பொம்மையை இறக்கிக் கொளுத்தினார்கள். பாதையில் போனவர்கள் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். பஸ் முதலாளி ஒருவர் சிவலிங்கத்தைத் தேடி வந்தார். சீமெந்து தாராளமாகக் கிடைத்த பிறகு, நுவரெலியாவில் ஓய்வுவீடு கட்டும் கொழும்புக்காரர்கள் நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியதும் அவன் பெயரைத்தான் கேட்டார்களாம். என் கல் கட்டைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. அது சரியவும் இல்லை. சரிந்திருந்தாலாவது பேசியிருப்பார்கள்.

அவன் இருக்கும் ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குவைத்தில் வெயிலில் பூசினேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனியில் முகாமில் கிடந்தேன், உணவகத்தில் தட்டுக் கழுவினேன். கடைசியில் இங்கே வந்தேன். பிறகு புஷ்பமும் வந்து சேர்ந்தாள்.

இந்த இலையுதிர் காலத்தில்தான், வடக்குத் தெருவில் மிஸஸ் ஹெலன் என்ற முதிய பெண்மணி எனக்கு வேலை தந்தார். செங்கல் படிக்கட்டும் அதன் மேல் வாசல் மேடையும். தெருவைப் பார்த்த வேலை, என் வாழ்க்கையில் முதல் தடவையாக. எதிர்ச்சாரியில் தில்லைநாதனின் பலகை நின்றது. என் பலகையை இரண்டு விரல் உயரமாகவே நட்டேன்.

வேலை முடியும் தறுவாயில் மிஸஸ் ஹெலன் வைக்கோல் அடைத்த ஒரு மனிதனைத் தூக்கிவந்து மேடையில் உட்காரவைத்தார். “நல்லது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் அல்லவா” என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

“ஆமாம், ஆமாம்! எல்லோரும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வருவார்கள்” என்று அவர் மகிழ்ந்தார். ஹாலோவீன் என்ற பண்டிகையாம். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. நான் சொன்ன கண்படும் பயம் அவருக்கு எட்டவில்லை. அவர் சொன்ன சந்தோஷம் எனக்கு எட்டவில்லை. பொம்மைக்குப் போட உங்களிடம் பழைய கோட்டு ஏதும் உண்டா என்று கேட்டார். நான் வேலைக்கு அணியும் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

மாலையில் தில்லைநாதனின் வேன் வந்து மெதுவானது, நான் மெதுவாக்குவதைப் போலவே. கண்ணாடியை இறக்கினார். இவ்வளவு நாள் நான் பார்த்த பார்வையை இன்று அவர் பார்க்கப்போகிறார் என்று படிகளை மறைக்காமல் ஒதுங்கி நின்றேன்.

“அண்ணை, உந்தப் பொம்மை நல்ல வடிவா இருக்கு. எங்க வாங்கினனீங்கள்?”

“வாங்கல. கோட்டு என்னோடது” என்றேன்.

சிரித்தார். படிக்கட்டைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று காத்து நின்றேன். “சரி அண்ணை, வாறன்” என்று போய்விட்டார். பொம்மை தன் வேலையைச் செய்துவிட்டது.

கோட்டில்லாமல் வந்த என்னைப் புஷ்பம் பார்த்தாள். கதையைக் கேட்டுவிட்டு, “இந்தத் தடவ நான் குடுக்கலப்பா. நீங்களேதான் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க” என்றாள்.

மறுநாள் காலையில் மிச்ச வேலைக்குப் போனபோது முதல் பனி பெய்திருந்தது. பலகையில் என் பெயர். பொம்மையில் என் கோட்டு. ஒன்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, மற்றது அவர்கள் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் செங்கல் படிகள் பனியில் மூடிக் கிடந்தன. அவற்றில் கால் வைக்க மனம் வரவில்லை. வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் தட்டினேன்.