துக்க வீட்டில் விடைபெற்றவள்

இட்டுக்கட்டிய கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மத்தியான நேரத்தில் கீரமங்கலத்தில் அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போய்விட வேண்டாம்.

ஷர்லி ஈப்போக்காரி. மலேசியத் தமிழ்ப் பெண்தான், ஆனால் வீட்டில் பாதிப் பேச்சு இங்கிலீஷ். முதுகில் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்து, லாவோஸ், நேபாளம் என்று தனியாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். திருக்கோகர்ணத்தில் பிரகதீஸ்வரி வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கினாள். தமிழ் தெரிந்தும் ஊர் பிடிபடவில்லை. கிளம்பும்போதெல்லாம் "போறேன்" என்று சொல்லி எல்லாரையும் முகம் சுளிக்க வைத்தாள். "போயிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்று பிரகதீஸ்வரி திருத்தினாள். அவ்வளவுதான். டீக்கடை, மருந்துக்கடை, டவுன் பஸ் கண்டக்டர் என்று ஒருத்தரையும் விடாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கீரமங்கலத்தில் தனியாக இருந்த பிரகதீஸ்வரியின் பெரியம்மா அமராவதி திடீரென்று இறந்துபோனார். ஷர்லியும் துக்கத்துக்குப் போனாள். வந்தவர்கள் ஐஸ் பெட்டி மேல் மாலை வைத்தார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நடந்தார்கள். என்ன ஜனங்களோ என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. நாமாவது மரியாதையாகச் சொல்லிக்கொள்வோம் என்று பெட்டிப் பக்கம் குனிந்தாள்.

"போயிட்டு வாரேங்க."

பிரகதீஸ்வரி அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். "ஐயோ, துக்க வீட்ல அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க!"

அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ம்ம்... வா."

ஷர்லிக்கு மட்டும்தான் கேட்டது.

நாலைந்து நாள் கழித்து ஈப்போவிலிருந்து போன். அம்மாவுக்கு அவசர ஆபரேஷன். திருச்சியில் அன்று இரவே விமானம். மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். டிக்கெட்டும் திருச்சிக்குத்தான் எடுத்தாள். கொஞ்ச தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் வர ஆரம்பித்தன. திருச்சி ரோட்டில் ஏது இத்தனை தென்னை?

"எறங்குங்கம்மா, ஒங்க ஸ்டாப்பு."

கீரமங்கலம்.

பதறிப்போய் ஒரு ஆட்டோவில் ஏறினாள். திருச்சி பஸ் நிற்கும் இடத்துக்குப் போகச் சொன்னாள். ஆட்டோ இரண்டு தெரு திரும்பி நின்றது. அமராவதி வீட்டு வாசல்.

"இங்கிட்டுத்தானே வரச் சொன்னீங்க?" என்றான் ஆட்டோக்காரன், திரும்பிப் பார்க்காமலே.

நடந்து பார்த்தாள். எந்தத் தெருவில் திரும்பினாலும் அதே வாசல்தான். அழுதுகொண்டே பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"வாரேன்னு சொல்லிட்டீங்கள்ல... உள்ள போயித் தலையக் காட்டுங்க. கெளம்பும்போது ஒண்ணுமே சொல்லாம வந்துருங்க."

கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. ஒரு விளக்கு. எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

டக்...

கதவு சாத்திக்கொண்டது.

இழுத்தாள். அசையவில்லை. தட்டினாள்.

"கதவைத் தொறங்க! எங்க அம்மா காத்திருக்காங்க!"

முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

கரக்... கரக்...

"ஒக்காரு."

அவள் திரும்பவில்லை. தட்டினாள். கத்தினாள். தொண்டை அடைத்துப்போகும்வரை கத்தினாள்.

கதவு தானாகத் திறந்தது.

ஓடினாள்.

அடுத்த பஸ் ஒழுங்காகப் போனது. விமானத்தையும் பிடித்துவிட்டாள். அம்மா பிழைத்துக்கொண்டார். ஷர்லிக்குத்தான் பேச்சு வரவில்லை. கத்தியதில் தொண்டை கட்டியிருக்கிறது, சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிரகதீஸ்வரி கூப்பிட்டாள். ஷர்லி போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டப் பூட்டிட்டோம் ஷர்லி. ஆனா தெனம் மத்தியானம் உள்ள ஒரு பொண்ணு கதவத் தட்டுதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. எங்க அம்மா காத்திருக்காங்க, தொறங்கன்னு கத்துதாம். தொறந்து பாத்தா யாருமில்ல. நேத்து நானே போயிக் கேட்டேன்... அது ஒங்க கொரலுங்க."

ஷர்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.