மீதி வராத கணக்குகள்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘மோப்பம்’. விடை சரியாக இருந்தால்தான் அவளுக்கு மூக்கில் வேர்க்கும். தப்பாகப் போட்டவனை நம்பலாம், அவன் சொந்தமாகத் தப்பு செய்தவன் என்பது அவள் கட்சி. என்ன கேட்டிருக்கிறது, என்ன கொடுத்திருக்கிறது, முதலில் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதாத விடையெல்லாம் அவளுக்குத் திருட்டுச் சொத்துதான்.

அந்த வருஷம் அண்ணன் மகளே அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அண்ணனுக்கு வெளியூர் வேலை. பெண் அத்தை வீட்டில் வளர்கிறாள். மூன்று வரிக் கதையாக வரும் கணக்கு எதைக் கொடுத்தாலும், ஒரு படிகூட எழுதாமல் விடையை மட்டும் போட்டாள். அத்தனையும் சரி.

 அத்தைக்காரியே வினாத்தாளை வீட்டில் காட்டிவிட்டாள் என்றுதானே மற்ற டீச்சர்கள் பேசுவார்கள்? கட்டிக்காத்த பெயர் சந்தி சிரிக்குமே! கைப்பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாப்பிடும்போதுகூடப் பெண்ணின் கண் எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தேர்விலும் எல்லாம் சரி.

ஞாயிற்றுக்கிழமை அவளை எதிரில் உட்காரவைத்து, அந்த நிமிஷம் தோன்றிய ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் எழுதி நீட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் சரியான விடை வந்தது.

“இப்பதானே எழுதுனேன். நீ முழுசாப் படிக்கக்கூட இல்லையே, எப்படிடி?”

“படிக்க வேணாம் அத்தை. ‘மீதி’ன்னு வந்தா முதல்ல கழிக்கணும். அப்புறம் கடைசி நம்பரால வகுக்கணும். உங்க கணக்குல எப்பவும் மிச்சமில்லாமதான் வரும். கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்.”

அந்தக் கடைசிப் பேச்சு சுருக்கென்று தைத்தது. மறுநாள் கரும்பலகையில் எழுதினாள்: ‘கூடையில் 48 ஆரஞ்சுப் பழங்கள். அழுகிய 12 பழங்களைக் குப்பையில் கொட்டினார்கள். மீதியை 6 பேர் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கிடைத்த அழுகிய பழங்கள் எத்தனை?’

தாள்கள் வந்தன. படி எழுதுவதற்கு வகுப்பிலேயே உதாரணமாக அவள் காட்டும் பையனின் தாள் மேலே இருந்தது. கேட்டது, கொடுத்தது, முதல் படி, இரண்டாம் படி என்று எல்லாவற்றுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். கீழே, ‘ஒருவருக்கு 6 அழுகிய பழங்கள்.’

புரட்டப் புரட்ட எல்லாத் தாளிலும் ஆறுதான். யார் யாரைப் பார்த்து எழுதியது என்று பழக்கதோஷத்தில் தேடத் தொடங்கியவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. அத்தனை பேரும் டீச்சரைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள்.