சேற்றுக்குள் போன சாவி

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. புனேவுக்கு வெளியே ஒரு கிராமத்து மக்களே காத்துவரும் சதுப்புக் காட்டைப் பார்க்கப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், சேற்றைக் கிளறக் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. மரப்பலகையில் நடக்கும்போது நான் விரலில் சுழற்றிய கார் சாவி நழுவிச் சேற்றில் மறைந்தது. வேறு சாவி கிடையாது.

"சுத்தாதீங்க, சுத்தாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்!" என்றாள் மனைவி.

நான் மண்வெட்டி கேட்டேன். காவலுக்கு நின்ற ஊர்ப் பெண் தர மறுத்தாள்.

"நான் எப்படிம்மா வீட்டுக்குப் போறது? உன் சேறு என்ன தங்கமா?" என்று இந்தியில் கத்தினேன்.

"தோண்டினா தண்ணி வடிஞ்சிடும், அண்ணா. கோடையில எங்க கிணறு வத்திடும்" என்றாள். பிறகு சிரித்தாள். "தங்கமும் உள்ளதான் இருக்கு. என் கல்யாண மூக்குத்தி. போன மழையில விழுந்துச்சு."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குத் துளை தூர்ந்துவிடாமல் ஒரு ஈர்க்குச்சியைச் செருகியிருந்தாள்.

மண்வெட்டிப் பேச்சை விட்டேன்; காரையும் அங்கேயே விட்டேன். அவளே நிறுத்திக் கொடுத்த பால் வண்டியில் ஏறி, வழியெல்லாம் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு கசார்வாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சாவி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கிடக்கட்டும்.