யார் ஓட்டியது?

எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் கார் லைசன்ஸ் கிடைத்தது. ஆசைப்பட்டு எடுத்ததில்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றிக் கண் பாதி மங்கிப்போனது. அப்புறம் சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். நாங்கள் இருக்கிற பினாங்குத் தீவில் இடம் கிடைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு தர்ம நிலையத்தில்தான் கிடைத்தது. வீடோ தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில். ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மகன் சிங்கப்பூரில். டாக்சிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான ‘பி’ ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, பாலத்தில் ஐம்பதில் உருட்டிக்கொண்டு போவேன். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும், எனக்கென்ன வந்தது.

“டிரைவரம்மா, இப்படியே போனா நாம போய்ச் சேர்றதுக்குள்ள அந்த மிஷினுக்கு வயசாயிரும்லா” என்பார் அவர்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் வேகமாகப் போனதற்கு சம்மன் வந்தது. சொன்னால் எங்கள் மாடியில் ஒருவரும் நம்பவில்லை.

நடந்தது இதுதான். டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தில் ஏறும்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் தலை நெஞ்சில் தொங்குகிறது, வாய் திறந்திருக்கிறது. “ஏங்க! ஏங்க!” என்று கத்தினேன். ஒரு கையால் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆள் அசையவில்லை. நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பக்கமும் கடல், பின்னால் லோரி. ஐயோ, போய்ட்டாரே என்றுதான் நினைத்தேன். காலில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு மிதித்தேன். முருகா முருகா என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது, முள் எங்கே நின்றது என்று யார் பார்த்தார்கள்? கரை கிட்டே வரும்போது அவரே கண்ணைத் திறந்து, “ஏன் இப்படிப் பறக்கிற? மெதுவா போ” என்றார். ரத்த அழுத்தம் இறங்கி மயங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

சில வாரம் கழித்துத் தபாலில் படம் வந்தது. கேமரா பின்பக்கத்திலிருந்து எடுத்திருந்தது. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது, உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை. கார் அவர் பேரில் இருப்பதால் சம்மனும் அவர் பேருக்கே வந்திருந்தது. எனக்கு அன்றைக்கே போய்க் கட்டித் தொலைத்துவிட வேண்டும் போல இருந்தது. அவர் சிரித்தார்.

“இந்த நாட்டுல சம்மன உடனே கட்டுறவன் எவன் இருக்கான்? டிஸ்கவுண்ட் போடுவாங்க. அப்ப கட்டுவோம்லா.”

அவர் சொன்னதும் பொய் இல்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான். சம்மனுக்குத் தள்ளுபடி எப்போது அறிவிப்பார்கள் என்று காத்திருந்து, அறிவித்ததும் கூட்டமாகப் போய்க் கட்டுவார்கள். கீழ்வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அதோடு விட்டாரா? கார் நம்பரை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதிவிட்டு வேறு வந்தார். “சனி போற வழியில எதாச்சும் குடுத்துட்டுப் போகட்டும்” என்றார். ஒன்றும் கொடுக்கவில்லை.

தள்ளுபடிக்கு முன்னால் கோர்ட்டுக் கடிதம் வந்துவிட்டது. இன்ன நாளில் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும், வராவிட்டால் பிடிக்க ஆணை போடுவார்கள் என்று இருந்தது. கையில் வைத்துக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

“இது நீ ஓட்டினதுதானேடி? பி லைசன்ஸ்காரங்களுக்குப் புள்ளி போடுவாங்க. புள்ளி சேந்துச்சுன்னா லைசன்ஸே போச்சு. நீதான் முன்னமே சிவப்பு விளக்குல ஒரு தடவ மாட்டினியே!”

ஆமாம், மாட்டியிருந்தேன். அதை மறந்தே போயிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லைசன்ஸ் போனால் டயாலிசிஸ் போச்சு. வரிசையாக இரண்டு தடவை தவறினால் ஆள் தாங்க மாட்டார் என்று தாதி முதல் நாளே சொல்லியிருக்கிறார். திரும்பப் படித்து, பரீட்சை எழுதி, மேட்டில் வண்டியை நிறுத்திக் காட்டி லைசன்ஸ் வாங்குவதற்குள் என்ன ஆகும்? சாலையில் போலீஸ் தொப்பியைக் கண்டால் கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. ஒரு நாள் டோல் பக்கம் ரோட் பிளாக். தடுப்பு ஓரமாக நின்ற போலீஸ்காரப் பையன் கையை ஆட்டிப் போகச் சொல்கிறான், நான் கண்ணாடியை இறக்கி, “வர்றேன், கோர்ட்டுக்குக் கண்டிப்பா வர்றேன்” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

வழி கண்டுபிடித்தது அவர்தான்.

“படத்துல ஆள் தெரியல. சம்மன் என் பேர்ல. நான்தான் ஓட்டினேன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. என் லைசன்ஸுக்கு எத்தன புள்ளி போட்டா என்ன? நல்லா போடட்டும்.”

“கோர்ட்டுல பொய் சொல்லி மாட்டினா?”

“எத்தன போலீஸ பாத்திருப்பேன் நான். நீ பின்னால உக்காந்து வாய மட்டும் மூடிக்க.”

வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்கு வராத வேலை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டால் எதற்கும் தலையாட்டிவிடுகிறோம். சரி என்றேன்.

கல்யாண வீட்டுக்குப் போடும் நீளக்கைச் சட்டையை அன்று போட்டுக்கொண்டார். டயாலிசிஸுக்கு ஊசி போட்டுப் போட்டு இடது கையில் ரத்தக்குழாய் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அதை மறைத்தாக வேண்டும். இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினாய் என்று கேட்டுவிடக் கூடாதே. நான்தான் ஓட்டிவந்தேன் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். அவ்வளவு தூரம் அவரை வெயிலில் நடத்தியே கூட்டிப்போனேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உள்ளே குளிர் எலும்பைப் பிடித்தது. நீதிபதி ஒரு மலாய்ப் பெண், என் மகன் வயசுதான் இருக்கும். இவர் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குற்றத்தை வாசித்தார்கள். எல்லாம் மலாயில்தான், இவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

“நான்தான் ஓட்டினேன், துவான்” என்றார்.

துவான் என்று ஆம்பளையைத்தான் சொல்வார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பது பொம்பளை என்றுகூடத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன் என்கிறாரே என்று எனக்குப் படபடவென்று வந்தது. நல்லவேளை, யாரும் அதைக் கவனிக்கவில்லை. வழக்கை நடத்திய அதிகாரி படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்கண்ணாடியில பி ஒட்டியிருக்கே. நீங்க லைசன்ஸ் எடுத்து எத்தன வருஷம்?”

“முப்பது வருஷத்துக்கு மேல.”

“அப்ப இந்த பி யாருக்கு?”

“என் மனைவியோடது. கழட்ட மறந்துட்டேன்.”

போச்சுடா என்று நினைத்தேன். அதிகாரி லைசன்ஸைக் கேட்டார். இவர் பர்ஸிலிருந்து நிதானமாக எடுத்து நீட்டினார், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. அதிகாரி அதைப் பார்த்தார். நீதிபதியிடம் கொண்டுபோய்க் காட்டினார். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றார். அப்படியானால் அன்றைக்கு இவர் லைசன்ஸே இல்லாமல் ஓட்டியிருக்கிறார், இது அதைவிடப் பெரிய குற்றம் என்றார். என்னைக் காப்பாற்றப் போய் மனிதர் நேராகக் குழியில் இறங்கி நிற்கிறார்.

நீதிபதி கோபப்படவில்லை. “ஏன் புதுப்பிக்கவில்லை?” என்றுதான் கேட்டார்.

இவர் கம்பியைத் தடவினார். என் பக்கம் திரும்பவில்லை.

“அது அடுத்த தடவ முடியிற வரைக்கும் நான் இருக்க மாட்டேன், துவான்” என்றார். “எதுக்கு வீணா?”

மலாயில் சொன்னதால் எனக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. வீட்டில் ஒரு நாள்கூட இப்படிப் பேசினதில்லை. மிஷினுக்கு வயசாயிரும் என்று கேலி பேசுகிற மனிதர்! யாரோ ஒரு பெண்ணிடம், முன்பின் தெரியாதவளிடம், கடைக்குப் போய் வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

“நான்தான் ஓட்டினேன்! அவருக்குக் கண்ணு தெரியாது, அவர விடுங்க!”

வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னை நோக்கி வந்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழர், “அம்மா, உக்காருங்க, கூப்பிட்டா பேசலாம்” என்றார். உட்கார மாட்டேன் என்றேன். டயாலிசிஸ், ஊசி ஏறிப் புடைத்த கை, பாலம், தொங்கின தலை, முருகா முருகா என்று கத்தினது எல்லாவற்றையும் கொட்டினேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரியில் மலாயில் சொல்லி முடித்தார். “பாதிய முழுங்காதீங்க அண்ணே, அவரு செத்துட்டாருன்னு நான் நெனச்சதையும் சொல்லுங்க” என்றேன். அதையும் சொன்னார். சட்டைக் கையை மடிக்கச் சொன்னார் நீதிபதி. இவர் மடித்துக் காட்டினார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

அப்புறம் இருவருக்கும் திட்டு விழுந்தது. கோர்ட்டில் பொய் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்றாள். தெரியும் என்று தலையாட்டினோம். வழக்கை என் பேருக்கு மாற்றினார்கள், நான் ஒப்புக்கொண்டேன், கையில் இருந்ததை வைத்தே கட்ட முடிகிற அபராதம்தான் போட்டாள். “லைசன்ஸ் தப்பிச்சுது. இன்னொண்ணு வந்தா போயிரும், பாத்துக்குங்கம்மா” என்றார் மொழிபெயர்ப்பாளர். அவ்வளவு நாள் எதற்குப் பயந்து செத்தேனோ அது அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “போன வருஷம் பிறந்தநாள் அன்னைக்கு போஸ்ட் ஆபீஸ் போய்ப் புதுப்பிச்சுட்டேன்னு சொன்னீங்களே!”

“போனேன்.”

“போயி?”

“வரிசையில நின்னேன். எத்தன வருஷத்துக்குப் போடணும்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல. வந்துட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே நடுரோட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பேன். அதற்குப் பதிலாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன். நேராக போஸ்ட் ஆபீஸ். “நான் எங்க ஓட்டப்போறேன், பைத்தியமா உனக்கு?” என்று வழியெல்லாம் கத்தினார். “ஓட்ட வேணாம். பர்ஸுல இருக்கட்டும்” என்றேன்.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். லைசன்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “எத்தன வருஷம் போடணும் அங்கிள்?” என்றாள்.

இவர் பர்ஸை மடித்துப் பையில் வைக்கப் பார்த்தார்.

“அஞ்சு” என்றேன்.

“ஒண்ணு போதும்” என்றார்.

“அஞ்சு போடும்மா.”

“ஏய், சும்மா இரு. ரெண்டு.”

“நாலு.”

“ரெண்டுன்னா ரெண்டுதான்.”

“சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், மூணு” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மூணு” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “என்ன அங்கிள், பாசார்ல மீனு வாங்குற மாதிரி!” அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒன்று என்றவரை மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காரை எடுத்து, சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் நெஞ்சில் குத்தியது. அவர் ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறினார். நான் ஐந்தில் இருந்தேன். நான் ஏன் இறங்கினேன்?