ஒரு பெட்டி, இரண்டு ஜாதகம்

நவமணி அக்கா யாரையும் நம்பமாட்டாள். கடையைப் பூட்டிப் பாதிப் படி இறங்கியவள், திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். எதிர் அறையில் தையல் கடை வைத்திருந்த என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், மீந்த துண்டுத் துணியையும் கேட்டு வாங்கிக்கொள்வாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளையும் இப்படியே துருவித் துருவி விசாரித்தாள். ஒருத்தனும் தேறவில்லை, தனியாகவே இருந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் உண்டு. ஆனால் கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் அவளைப்போல நாணயமான ஆளை நான் பார்த்ததில்லை.

தோட்டத்து ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு எண்பத்தேழில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டாள். பிறந்த நாளையும் நேரத்தையும் தட்டினால் கட்டம் போட்டுப் பலனும் அடித்துத் தரும். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். கிள்ளானிலிருந்து வந்த அழகேசன் அந்தப் பெட்டிக்குள் இரண்டு சிஸ்டம் போட்டுவைத்திருந்தான். பழையது சிபிஎம், புதியது டாஸ். இரண்டிலும் ஜாதகப் புரோகிராம் உண்டு. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம் மாதிரி, நடுவில் கதவு கிடையாது. ஒன்றில் இருக்கும்போது மற்றதில் இருப்பது கண்ணுக்கே தெரியாது. எதற்குக் குறி வைத்திருக்கிறதோ, ஸ்விட்சைப் போட்டதும் அதுதான் எழும்பும்.

வினை வந்தது சின்னையா மகள் கல்யாணத்தில். சின்னையா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். மகள் கலாவதிக்கு ரவாங்கில் வாசு என்ற பையனைப் பேசி முடித்திருந்தார். இரண்டு ஜாதகத்தையும் ஒரே நாளில் நவமணி அக்கா கடையில்தான் அடித்தார்கள். இரண்டிலும் தோஷம் இல்லை. பாக்கு வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது.

பையனின் அம்மா லீலாவதி லேசுப்பட்டவள் இல்லை. தான் யாரென்று சொல்லாமல் ஒருநாள் தனியாகக் கடைக்கு வந்து, கலாவதியின் பிறந்த நேரத்தைக் கொடுத்து இன்னொரு தாள் அடித்துக்கொண்டு போனாள். அதில் செவ்வாய் தோஷம் இருந்தது. மறுநாள் காலையில் சின்னையாவையும் கலாவதியையும் இழுத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க என்ன குடுத்தாங்க? அதைச் சொல்லு. செவ்வாயையே மறைச்சிட்டியே!"

படிக்கட்டில் கூட்டம் கூடிவிட்டது. சின்னையா முகத்தில் ஈயாடவில்லை. கலாவதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் நின்றால், பணம் கொடுத்து ஜாதகத்தை மாற்றிய குடும்பம் என்ற பேர் அவளோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் யார் பெண் கேட்டு வருவார்கள்?

"சாயந்தரம் வரைக்கும் பொறுங்க. ரெண்டுல எது நெசம்னு நான் காட்டுறேன்" என்றாள் அக்கா. அவர்கள் தலை மறைந்ததும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அழுது முடித்ததும் சந்தேகம் ஆரம்பித்தது. முதல் சந்தேகம் என்மேல். "நான் தண்ணி பிடிக்கப் போனப்ப நீ உள்ள வந்தியா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, செவ்வாயைத் தூக்கி ரவிக்கையில வச்சுத் தைச்சிட்டேன், போ லா" என்றேன். அடுத்து அழகேசன்மேல். போன் போட்டு வரவழைத்து, அவன் முதுகோடு ஒட்டி நின்று, ஒவ்வொரு விரல் எதைத் தட்டுகிறது என்று பார்த்தாள். பையிலிருந்து டிஸ்க் எடுக்கக்கூட விடவில்லை.

"அக்கா, போன வாரம் பிரிண்டர் பார்க்க வந்தப்ப பழைய சிஸ்டத்துக்குக் குறி மாத்தினேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். அதான் ரெண்டாவது தாள் பழையதுல இருந்து வந்திருக்கு. ஸ்கிரீன் ஒரே மாதிரி இருக்கிறதால உங்களுக்கும் தெரியல."

"அப்ப எது பொய் சொல்லுது?"

"அதை ஜோசியரைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பினான்.

அக்கா விடவில்லை. புதியதைத் திறந்து கலாவதியின் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அடித்தாள். அரை மணி கூட்டிப் போட்டபோது பழைய சிஸ்டம் போட்ட கட்டம் அப்படியே வந்தது. என் நேரத்தைப் போட்டாள், தன் நேரத்தைப் போட்டாள். எல்லாருக்கும் அதே அரை மணி வித்தியாசம்.

"அடியே, அந்த அரை மணி!" என்று கத்தினாள்.

எண்பத்திரண்டு பிறந்தபோது நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு இருட்டிலேயே எழுப்பினார்கள். கணக்கெழுதுகிற கிராணிதான் கடிகாரத்தைத் திருகி ஏமாற்றுகிறான் என்று அக்கா அவனிடமே சண்டைக்குப் போனவள். அது இப்போது உதவியது. பழைய புரோகிராம் பழைய கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, புதியது புதிய கடிகாரத்தை வைத்து. கலாவதி பழைய கடிகாரம் ஓடிய அறுபத்துமூன்றில் பிறந்தவள். ஆகவே பழையதுதான் சரி. பெண்ணுக்குத் தோஷம் இருப்பது நிஜம்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் பேர் தப்பித்தது, பெண்ணின் கல்யாணம் போயிற்று. பிறகு நிமிர்ந்தாள். "ஒருத்தியை மட்டும் சந்தேகப்பட எனக்குத் தெரியாதுடி. மாப்பிள்ளை தாளும் புதுசுல அடிச்சதுதானே?"

வாசுவின் நேரத்தைப் பழையதில் போட்டாள். அவனும் லக்னம் மாறுகிற விளிம்பில் பிறந்தவன். அரை மணியில் லக்னம் நகர்ந்து, செவ்வாய் ஏழாம் இடத்தில் வந்து நின்றது.

சாயந்தரம் மூன்று பேரும் வந்தார்கள். அக்கா நடந்ததைச் சொல்லி, முதலில் அடித்த தப்பான தாள்களை வாங்கிக் கிழித்துப்போட்டு, பழையதில் அடித்த இருவர் தாளையும் நீட்டினாள். "பொண்ணுக்கும் இருக்கு, பையனுக்கும் இருக்கு. தோஷத்துக்குத் தோஷம், பொருத்தம்தான். கல்யாணத்தைத் தாராளமா நடத்தலாம்."

சின்னையா பெருமூச்சு விட்டார். லீலாவதி மகனின் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அக்காவை என் கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, குரலை இறக்கினாள்.

"கல்யாணம் நடக்கட்டும். ஆனா எஞ்சாதிசனம் எம் மவன் ஜாதகத்தைக் கேட்டுப் பாக்கும். அவனுக்கு மட்டும் அந்தப் புதுசுலயே இன்னொரு தாள் அடிச்சுக் குடு. என்ன வேணும்னாலும் தர்றேன்."

எனக்குக் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில இதைத்தான் நான் செஞ்சேன்னு ஊரைக் கூட்டினீங்க" என்றாள். "உங்களுக்கு எப்படி அப்படித் தோணுச்சுன்னு இப்பதான் எனக்குப் புரியுது."

பின்னால் கலாவதி நின்றுகொண்டிருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. மாமியார் கையிலிருந்த வாசுவின் தாளை வாங்கி, தன் தாளோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் அத்தை" என்றாள்.