வாசலைத் திருப்பி வைத்த லோரீன்

லோரீன் ஹாப்ஸை, வீட்டு வண்டிகளை வாடகைக்கு நிறுத்துகிற டிரெய்லர் பார்க்கிலிருந்து வெளியே அனுப்பியது அவள் செய்த குற்றத்துக்காக அல்ல, அவள் குடியிருந்த வண்டியின் வயசுக்காக. அரிசோனாவில் பல பார்க்குகளில் இப்படி ஒரு விதி இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்கு இடமில்லை. பழைய வண்டி நின்றால் பார்க்கின் அழகு கெட்டுப்போகுமாம். அவள் அங்கே இருந்த ஆறு வருஷமும் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. புதிதாக ஒரு மேனேஜர் வந்தார், வந்த வாரமே வண்டி வண்டியாகப் பதிவுத் தாளைக் கேட்டுக்கொண்டு நடந்தார். லோரீனின் வண்டிக்கு இருபத்து மூன்று வயசு.

"வண்டிக்கு இருபத்து மூணு. எனக்கு அறுபத்தெட்டு. என்னை மட்டும் எப்படி இத்தனை நாள் உள்ள விட்டு வச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் ஒரு மாதம் அவகாசம் என்று எழுதிய தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அவள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொன்ன இடத்தில் முப்பது நாள் உட்கார்ந்திருக்க அவள் பிறக்கவில்லை.

அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே, அரசாங்கப் பாலை நிலத்தில், குளிர்காலம் முழுக்க நாங்கள் ஐந்து வண்டிக்காரர்கள் தங்கியிருப்போம். நடுவில் ஒரு நெருப்புக் குழி. எல்லா வாசலும் அந்தக் குழியைப் பார்த்தே இருக்கும். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் வாசலை வேறு பக்கம் திருப்பி வைத்தால் மற்றவர்களோடு பேச்சு முறிந்தது என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தம்பதி நாய் விஷயமாகச் சண்டை போட்டு வாசலைத் திருப்பி வைத்தார்கள். ஒரே வாரத்தில் ஊரை விட்டே போனார்கள். லோரீன் குழிக்கு மேற்கே, வண்டியின் மூக்கு வடக்கே பார்க்க, வாசல் எங்களைப் பார்க்க, அழகாக நிறுத்தினாள். நெப்ராஸ்காவில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்பக்கமாக வண்டியை விட்டு அவள் ஒரே தடவையில் நிறுத்தியதைப் பார்த்து, நாலு தடவை முட்டி மோதி நிறுத்துகிற ஆண்பிள்ளைகள் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரி, கரண்ட் இல்லை. பார்க்கில் கம்பத்தில் செருகினால் வந்துவிடும். இங்கே ஜெனரேட்டர்தான், அதுவும் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஓட்டக் கூடாது. லோரீனுக்குக் கரண்ட் தேவைப்படுவது சரியாக அந்த எட்டு மணி நேரம்தான். தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்காக டாக்டர் ஒரு மூச்சு மெஷின் கொடுத்திருந்தார், முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். அது இல்லாமல் முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலையில் கண் இரண்டும் செம்பருத்தியாக இருக்கும். கேட்டால், மணல் விழுந்துவிட்டது என்பாள்.

ஒமாஹாவில் இருக்கிற மகன் ட்ராய் போனில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு அறை தயாராக இருக்கிறது, சுவருக்கு வண்ணம்கூட அடித்தாகிவிட்டது, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து முடிந்த சனிக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்றான். இவள் மாட்டேன் என்றாள். ஒரு மணி நேரம் போனில் மல்லுக்கட்டி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானே கேட்டேன்.

"ஒரு ராத்திரி நானும் அங்க படுக்கறேன்மா. மெஷின் விடியற வரைக்கும் ஓடிச்சுன்னா நான் பேசாம திரும்பிப் போயிடறேன். நடுவுல நின்னுச்சுன்னா நீ என்கூட வண்டியேறணும்."

"சரி" என்றாள் லோரீன். அந்தப் பையன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாமா?

சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. யூமாவில் யாரோ வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய சோலார் பேனலும், கோல்ஃப் வண்டியில் போடுகிற பேட்டரி இரண்டும் வாங்கி வந்தாள். எங்கள் வட்டத்தில் டுவெயின் என்று ஒருவர் உண்டு. ஓஹையோவில் ஒரு தொழிற்சாலையில் நாற்பது வருஷம் எலக்ட்ரீஷியன். நல்ல மனிதர், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நான் போட்டுத் தருகிறேன், நீ உட்கார்ந்து பார் என்றார்.

"நீ போட்டா அது உன் கரண்ட், டுவெயின். கெட்டுப் போச்சுன்னா உன் வாசல்ல வந்து நிக்கணும். நான் போட்டா என் தப்பு, என் கரண்ட்" என்றாள். டுவெயின் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். ஏணியைப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது.

பேனலை நினைத்த இடத்தில் வைத்து ஸ்க்ரூ அடித்துவிட முடியாது. மேலே வெள்ளை ரப்பர் விரிப்பு, அடியில் மெல்லிய பலகை, அதற்கும் அடியில்தான் மரச் சட்டங்கள். சட்டத்தில் பிடித்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் பேனல் ஒரு பக்கம் பறக்கும், வண்டி ஒரு பக்கம் போகும். டுவெயினுக்கு மனசு கேட்கவில்லை, மறுபடி வந்து கூரையை முட்டியால் தட்டித் தட்டி, இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று காட்டினார். லோரீன் தலையாட்டினாள், ஆனால் ட்ரில்லை எடுக்கவில்லை. மூன்று நாள் எடுக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்குடி காத்திருக்க?" என்றேன். குளிருக்கு என்றாள்.

நாலாம் நாள் விடிகாலையில் வந்து என் கதவைத் தட்டினாள். பாலையில் உறைபனி விழுந்திருந்தது. ராத்திரி முழுக்க உள்ளே காஸ் அடுப்பை எரிய விட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, போர்வையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரை முழுக்க வெண்பனி, நடுநடுவே குறுக்காகப் பனி உருகிய கோடுகள். சட்டங்களுக்கு நடுவே சூட்டை அடைக்கும் பஞ்சு இருக்கும், அதனால் சட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் உள்சூடு மேலே ஏறியிருக்கிறது. நெப்ராஸ்காவில் தினமும் காலையில் பஸ் கூரையில் இப்படித்தான் விலா எலும்பு தெரியும் என்றாள். வெயில் வருவதற்குள் பேனாவால் கோடு போட்டுவிட்டாள். டுவெயின் தட்டிக் காட்டிய இடங்களில் இரண்டு, சட்டத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி இருந்தன. அவர் வந்து பார்த்துவிட்டு, வண்டி கட்டியவனுக்கு அளக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு துளை. ஒவ்வொன்றிலும் பசையை ஊற்றி, ஸ்க்ரூவை இறக்கி, தலைமேல் மறுபடி பசை. ஏசிப் பெட்டி கூரையின் நடுவில் மேடாக உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்பக்கம் இரண்டு பேனலையும் பதித்தாள். பின்பக்கம் குளியலறைக்கு வெளிச்சம் தரும் கூரைக் கண்ணாடியும் புகைக்குழாயும் இருப்பதால் இடம் போதாது. வயரை இறக்கி, முதலில் பேட்டரி, பிறகு பேனல் என்று முறை தவறாமல் இணைத்தாள். அன்று வியாழக்கிழமை. நன்றி நாள். குழிப் பக்கம் வான்கோழி வாசனை வந்துகொண்டிருந்தது.

பேனலிலிருந்து வரும் கரண்டைக் காட்டுகிற மீட்டர், உச்சி வெயிலில் எண்பது வாட்டைத் தாண்டவில்லை. நானூறு காட்ட வேண்டிய மீட்டர்.

காரணத்தை டுவெயின் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஏசிப் பெட்டியின் நிழல் வடக்கே, அதாவது நேராகப் பேனல்மேல் விழுகிறது. இரண்டையும் ஒரே வரிசையில் கோத்திருக்கிறாய், ஒரு மாடு படுத்தால் வண்டி நகருமா? எல்லாவற்றையும் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டு, புதிதாகப் பதினாறு துளை போடு என்றார். முன்னாடியே கேட்டிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

லோரீன் வண்டிக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, பேனல் வைக்கும் இடத்தை வரைந்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், சிரித்துவிட்டாள். கணக்கு தப்பே இல்லை. பார்க்கில் ஆறு வருஷம் தினமும் வெயில் கூரையில் எங்கே விழும் என்று பார்த்த பழக்கத்தில் வரைந்திருக்கிறாள். அங்கே அவள் வண்டியின் மூக்கு தெற்கே பார்த்து நின்றது. இங்கே வடக்கே. வீடு திரும்பி நிற்பதை மறந்துவிட்டு வரைந்திருக்கிறாள். கல் வீட்டில் இருக்கிறவர்கள் ஆயிரம் தப்புச் செய்யலாம், இந்தத் தப்பைச் செய்ய அவர்களால் முடியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி பேசுவோம். லோரீன் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அவள் கூடத்தைத் திருப்பப் போனாள்.

விருந்துத் தட்டுகள் குழியைச் சுற்றிப் பரிமாறப்படுகிற நேரத்தில் அவள் வண்டியை இழுக்கிற லாரியைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினாள். வண்டியைத் தாங்கி நின்ற ஜாக்கிகளைத் தூக்கினாள். எல்லோரும் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருக்க, பாலையில் ஒரு பெரிய வட்டம் அடித்து, அதே இடத்தில் மூக்கு தெற்கே பார்க்க நிறுத்தினாள். வாசல் இப்போது மேற்கே, வெறும் கள்ளிச் செடிகளைப் பார்த்து நின்றது. எங்களுக்குத் தெரிந்தது வண்டியின் முதுகு.

டுவெயின் எழுந்தே விட்டார். "நன்றி நாள் அன்னிக்கா எங்களுக்கு முதுகைக் காட்டற? நான் சொன்னதுல என்ன தப்பு?"

"நான் சூரியனுக்கு முகத்தைக் காட்டறேன், டுவெயின். உனக்கு எது தெரியுதோ அதைப் பாத்துக்கோ."

அதற்குள் மீட்டர் முந்நூற்றைத் தாண்டியிருந்தது. ஆனால் அங்கே யாரும் மீட்டரைப் பார்க்கிற மனநிலையில் இல்லை. கால் மணி நேரம் கழித்து, கையில் கொட்டைப் பருப்பு வைத்துச் சுட்ட பலகாரத்தோடு லோரீன் தன் வண்டியைச் சுற்றி நடந்து வந்தாள். நேராக டுவெயினுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் துண்டை அவர் தட்டில் வைத்தாள். வாசல் அந்தப் பக்கம் போனால் என்ன, கால் இருக்கிறதே என்றாள். அவர் முறைத்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ட்ராய் வந்தான். காரின் பின் இருக்கைகளை மடக்கி, அம்மாவின் பெட்டிகளுக்கு இடம் செய்துகொண்டு வந்திருந்தான். அன்றைக்கென்று குளிர் எலும்பைக் குத்தியது. அவன் ஹீட்டர் போடலாமா என்று கேட்டான். ஹீட்டருக்கு காஸ்தான், ஆனால் அதன் காற்றாடி பேட்டரியைக் குடிக்கிற குடி எங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று நான் கண் காட்டினேன்.

"போடு. நல்லா ஏத்தி வை" என்றாள். "நாளைக்கு அம்மா ஏமாத்திட்டான்னு உன் பெண்டாட்டிகிட்ட சொல்லக் கூடாது பாரு."

அதற்கு முன்பே டுவெயின் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என் வண்டியிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு வயர் இழுத்து விடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று காதோடு சொல்லியிருந்தார். அவளுக்காக அவர் பயந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அவர் தோளைத் தட்டி, எனக்குத் தெரியுமே என்று மட்டும் சொன்னாள்.

காலையில் மூன்று கோப்பைக் காபியோடு போய், மேற்கு வாசலைத் தட்டினேன். ட்ராய் தன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து அந்த மெஷினின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு மணி நேரம் ஐம்பத்து இரண்டு நிமிஷம் ஓடியிருந்தது. இடையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பேட்டரியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். லோரீன் முகமூடி அழுத்திய தடத்தோடு, தலை கலைந்து, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அவன் சரி என்றான். கொஞ்ச நேரம் காபியைக் கலக்கினான். அப்புறம் தொடங்கினான்.

"மெஷின் ஓடிச்சு, ஒத்துக்கறேன். ஆனா பேனலைத் துடைக்க, பசை வைக்க, வருஷா வருஷம் நீதானே மேல ஏறணும்? இந்த வயசுல அங்கேருந்து விழுந்தா என்னம்மா பண்ணுவ?"

ஒப்பந்தத்தில் இது இல்லை. நான் வாயைத் திறந்தேன். லோரீன் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். கோபப்படவில்லை. மகனை நன்றாக ஒரு தடவை பார்த்தாள்.

"விழுந்தா என் கூரையிலேருந்துதானே விழுவேன்" என்றாள். "உன் வீட்டுக்கு வந்துட்டா, விழறதுக்குக்கூட எனக்குன்னு ஒரு இடம் இருக்காதேடா."

ட்ராய் பாதிக் காபியை வைத்துவிட்டு வெளியே போய், காரின் பின் இருக்கைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தான்.